இரண்டு முறை வந்த வரி

ஜூன் 3

அண்ணனுக்கு,

இரண்டு முறை தொலைபேசினேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மூன்றாவது முறை அண்ணி எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு அப்படி என்ன குளியல்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. தொடங்கியதை முடிக்காமல் விட்டால் உனக்குத் தூக்கம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தில் உன்னை 'நீங்கள்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். அவ்வளவு கோபம். ஆனால் 'நீங்கள்' போட்டு எழுதினால் திட்ட வராது. எனவே 'நீ'.

அக்காவின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்து ஐந்து வாரம் ஆகிறது. சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் உன் எதிரில் வைத்துத்தான் சொன்னார். பதினொன்றாம் தேதி என்று நாளும் குறித்துக் கொடுத்தார். நேற்று அண்ணி சொல்கிறாள், அந்த நாளை ரத்து செய்துவிட்டார்களாம். எதற்கு? மறைநூலில் அறுபத்து நான்கு எழுத்துக்கு ஒரு எழுத்தாகத் தாண்டித் தாண்டிப் படித்தால் அக்காவின் பெயர் வருகிறதாம். பக்கத்திலேயே 'கத்தி' என்று வருகிறதாம். அதற்குக் கீழே 'பொறு' என்று வருகிறதாம்.

அண்ணா, நீ நிலம் அளந்தவன். முப்பத்தோரு வருஷம் வெயிலில் சங்கிலி பிடித்தவன். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் மறைநூல் எழுத்துகளைக் கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தாய், சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடம் வாடகைக்கு எடுத்துப் பேசினாய், சரி. ஊரே உன்னைக் 'கட்டம் ஐயா' என்று கூப்பிடுகிறது, அதுவும் சரி. கடைக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று நூலைக் கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருந்தவரை நான் தலையில் அடித்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது நீ கை வைத்திருப்பது அக்காவின் மேல்.

அதே டாக்டரிடம் போய் வேறு நாள் வாங்கு. இந்த வாரத்துக்குள்.

சின்னவள்


ஜூன் 7

சின்னவளுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இப்படித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்குவது வழக்கம். உனக்கு அந்த வழக்கமும் மறந்துவிட்டது போலிருக்கிறது.

உன் தொலைபேசியை வைத்தது உண்மை. காரணம் உனக்கே தெரியும். போன வருஷம் இருநூறு பேர் இருந்த கூடத்தில் நீ எழுந்து நின்று, நான் எண்ணிக் காட்டிய பக்கத்தைச் சுட்டி, "இந்தப் பக்கத்துல என்ன சொல்லியிருக்குன்னு இங்க யாராவது ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டாய். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூடப் பிறந்தவள் என்னைச் சபையில் வைத்து மூக்குடைத்தாள். அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு என் காதில்தான் இருக்கிறது.

அக்காவை நான் தடுக்கவில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள். நான் கண்டதைக் கண்டபடி சொன்னேன். அவள் கேட்டாள், அவளே "அப்ப பொறுப்போம்" என்றாள். முடிவு அவளுடையது.

கண்டது என்ன என்றும் சொல்கிறேன், நீ கேலி செய்வாய் என்று தெரிந்தும். முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் கடைசியில் தொடங்கி முந்நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்துக்குள் போகிறது அக்காவின் பெயர். ஐந்து எழுத்தும் பிசகாமல், அறுபத்து நான்கு எழுத்துக்கு ஒன்றாக. இந்தப் பெயர் இந்த இடைவெளியில் நூல் முழுவதிலும் வேறு எங்கும் வரவில்லை. அங்கே மட்டும் வருகிறது. அங்கேயே 'கத்தி' வருகிறது. அங்கேயே 'பொறு' வருகிறது. இது தற்செயல் என்றால் நான் நட்ட எல்லைக் கற்கள் எல்லாமே தற்செயல்தான்.

நூறு நாள் பொறுக்க வேண்டும் என்பது என் கணக்கு. செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம். அக்கா நன்றாகச் சாப்பிடுகிறாள். தையல் கடைக்கும் போய்வருகிறாள். நேற்று எனக்குச் சட்டை ஒன்றும் வெட்டினாள்.

நீ வாழ்நாள் முழுக்க இந்த நூலைப் பிழை தேடியே படித்தவள். நான் பொருள் தேடிப் படிக்கிறேன். நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அண்ணன்


ஜூன் 11

அண்ணனுக்கு,

இன்று பதினொன்றாம் தேதி. இந்நேரம் அக்கா கண் விழித்து, "என் கத்தரியை யார் எடுத்தீங்க" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவள். கடையில் உட்கார்ந்து யாருக்கோ காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாளாம்.

'முடிவு அவளுடையது' என்று எவ்வளவு நைசாக எழுதியிருக்கிறாய். பயந்து போயிருக்கிற மனுஷியின் முன்னால் நூலைக் கொண்டுபோய் வைத்து, இதில் உன் பெயரும் கத்தியும் இருக்கிறது என்று காட்டிவிட்டு, நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று கையைக் கழுவுகிறாய்.

உன் விதிகளையும் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ புள்ளி வைத்த எழுத்துகளை எண்ண மாட்டாய். அந்தக் காலத்தில் புள்ளி ஏது என்று பெரிய விளக்கம் கொடுத்தாய். அக்காவுக்கு மட்டும் எப்படிப் புள்ளி எழுத்துகளை எண்ணினாய்? அண்ணியைக் கேட்டேன். "பொம்பளைங்க பேருக்குப் புள்ளியை எண்ணணுமாம்" என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஆளுக்கு ஆள் விதியை மாற்றினால் அது அழுகுணி ஆட்டம். சின்ன வயதில் தாயக்கட்டையிலும் நீ இதைத்தான் செய்தாய்.

நேற்று மத்தியானம் என் மேசைக்கு ஒரு வாஷிங் மெஷின் கையேடு வந்தது, புரூஃப் பார்க்க. அச்சகத்தில் மறைநூலும் வரும், மெஷின் கையேடும் வரும். இரண்டையும் ஒரே பேனாவால்தான் திருத்துகிறேன். சாப்பாட்டு இடைவேளையில் அதை உன் முறைப்படி எண்ணினேன். முப்பத்தேழு எழுத்துக்கு ஒன்று. 'அண்ணி' வந்தது. 'பொறு' நான்கு இடத்தில் வந்தது. 'நீர்' வந்தது, 'மூழ்கு' வந்தது. அப்படியானால் அண்ணி வாஷிங் மெஷினில் மூழ்கப் போகிறாள், அதுவரை பொறுக்க வேண்டும் என்று அர்த்தமா? துணி துவைக்கிற விதத்தைச் சொல்ல எழுதின புத்தகம் அது. அதற்கு வேறு எண்ணம் இல்லை.

ஒன்று செய். வேறு பதிப்பு ஏதாவது ஒன்றை எடுத்து அதே இடத்தை எண்ணிப் பார். நூலகத்தில் நாலைந்து பதிப்பு இருக்கும். அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. வேறு எதுவும் நான் இப்போது சொல்வதாக இல்லை.

சின்னவள்


ஜூன் 15

சின்னவளுக்கு,

வாஷிங் மெஷின் பத்தியை அண்ணி உரக்கப் படித்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள். உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "அவளுக்கு எப்பவும் வாய்தான்" என்றாள்.

வேறு பதிப்பை எடுத்து எண்ணு என்கிறாய். இதை நீ சொல்வாய் என்று நான் நினைக்கவே இல்லை.

மற்ற பதிப்புகளின் லட்சணத்தை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். ஒன்றில் பத்தி விட்டுப்போயிருக்கும், ஒன்றில் பக்க எண் மாறியிருக்கும், அவனவன் இஷ்டத்துக்கு அச்சடிப்பான் என்று இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எத்தனை முறை பொருமியிருக்கிறாய். உன் அச்சகத்தின் பதிப்பு வந்தபோது முதல் பிரதியை எனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தாய். அட்டையைத் தடவிக்கொண்டே, "இதுல ஒரு எழுத்து தப்பா இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்றாய். இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் பயன்படுத்துவது அந்தப் பிரதியைத்தான். அதைப் பார்த்து ஒரு வருஷம் உட்கார்ந்து, நானே ஒவ்வோர் எழுத்தாகக் கணினியில் தட்டி ஏற்றினேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேச்சைத் தொடங்குமுன் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறேன். "இது என் தங்கச்சி பார்த்த பதிப்பு. இதுல ஒரு புள்ளி பிசகாது" என்கிறேன். கூடத்தில் நீ எழுந்து நின்று என்னை அவமானப்படுத்திய அன்றைக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். நீ தாமதமாக வந்தாய், கேட்டிருக்க மாட்டாய்.

மூன்று முறை அளக்காமல் நான் ஒரு கல் நட்டது கிடையாது. கோர்ட்டு அமீன் சொன்னாலும் நம்ப மாட்டேன், மேலதிகாரி சொன்னாலும் நம்ப மாட்டேன். வாழ்க்கையில் அளந்து பார்க்காமல் நான் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. உன் கண். அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டினேன். அதன் மேலேயே நின்றுகொண்டு, இப்போது வேறு பதிப்பைப் பார் என்கிறாய்.

மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். அக்கா "செப்டம்பர்ல வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அந்தப் பிரதியை எடுத்து முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் கடைசி வரியைப் படி. பிறகு முந்நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்தின் முதல் வரியைப் படி. எண்ணாதே. படி.

இரண்டும் ஒரே வரி. 'வழி வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடு, அவன் பெயரைப் பிறகு கேள்.' பக்கம் திரும்பும் இடத்தில் இரண்டாம் முறை வந்துவிட்டது. முப்பத்தோர் எழுத்து. நூலில் அது ஒரு முறைதான். இரண்டாவதாக இருப்பது நான் விட்ட பிழை.

எப்படி விட்டேன் என்று சொல்கிறேன். எங்கள் அச்சகத்தில் மறைநூலுக்கு மட்டும் ஒரு வழக்கம். புரூஃபைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். நேராகப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகும், பழகிய வாசகமாதலால் கண் எழுத்தைப் பார்க்காமல் தாண்டிவிடும். பின்னாலிருந்து படித்தால் சொல் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் முழு நூலையும் படித்தேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. எழுத்தில் ஒரு தவறு கிடையாது, அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஒரு வரி முழுதாக இரண்டு முறை வந்தது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தானே இருந்தது. நேராகப் படிக்கிற குழந்தைகூட, என்னடா இது திரும்ப வருதே என்று நின்றிருக்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வாசகர் அஞ்சலட்டையில் எழுதியிருந்தார். இத்தனை அழகான பதிப்பில் இப்படி ஆகிவிட்டதே, அடுத்த முறை திருத்துங்கள் என்று மரியாதையாக. அட்டை நேராக என் மேசைக்கு வந்தது. முதலாளி அறைச் சுவரில் 'பிழையற்ற பதிப்பு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். நான் அட்டையை இழுப்பறையின் அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு நான்கு முறை மறுபதிப்பு வந்தது. நான்கு முறையும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது.

நீ ஏழாம் தேதி எழுதிய கடிதத்திலேயே அந்தப் பக்க எண் இருந்தது. அப்போதே தெரியும். உன் எண்ணிக்கை அந்த வரியின் மேல்தான் நடக்கிறது, வரியை எடுத்தால் அக்காவின் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் மிஞ்சும் என்று ஒரு தாளில் போட்டும் பார்த்துவிட்டேன். தெரிந்தும் உனக்கு வாஷிங் மெஷினைப் பற்றி நாலு நக்கல் எழுதி அனுப்பினேன். வேறு பதிப்பைப் பார் என்று சுற்றி வளைத்தேன். நீயாகக் கண்டுபிடித்தால் நான் சொன்னதாக இருக்காது பார். அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. விழா வைத்து, அந்தப் பதிப்பை என் கையில் கொடுத்துப் படம் எடுப்பதாக இருந்தார்கள். அந்தப் படத்துக்காக அக்காவின் நாட்களில் பதினோரு நாளை நான் தின்றிருக்கிறேன். நீ உன் கூடத்துக்காகத் தின்றாய், நான் என் விழாவுக்காகத் தின்றேன். உன்னை என்ன சொல்லித் திட்டினேனோ அத்தனையும் எனக்கும் பொருந்தும்.

இன்று காலை முதலாளியிடம் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான்.

என்னை நம்பாதே. நூலகத்துக்குப் போய் அளந்து பார். மூன்று முறை அளந்து பார். ஆனால் நாளைக்கே போ.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. பெயரைப் பிறகு கேள் என்று அந்த வரி நேராகச் சொல்கிறது, அதுவும் என் புண்ணியத்தில் இரண்டு முறை. அதன் மேலே ஏறி நின்றுகொண்டு நீ பெயர் தேடியிருக்கிறாய்.

சின்னவள்


ஜூன் 24

சின்னவளுக்கு,

அளந்தேன். நூலகத்தில் நான்கு பதிப்பு இருந்தது. நான்கிலும் அந்த வரி ஒரே முறைதான்.

பதினோரு வருஷம். மூன்று வருஷமாக நான் ஒவ்வொரு வாரமும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியபோதும் உன் இழுப்பறையில் அந்த அட்டை இருந்திருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஏன் என்றால், கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த வரியை நானும் இரண்டு முறை தட்டியிருக்கிறேன். ஒரு வருஷம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியவன், ஒரே வரியை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டுகிறோம் என்பது தெரியாமல் தட்டியிருக்கிறேன். உன்னை நான் என்ன கேட்பது?

பிறகு நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. வரியை நீக்கினேன். நீ சொன்னபடி அக்காவின் பெயர் இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டது. சும்மா இருக்க முடியாமல் இடைவெளியை மாற்றிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. ஐம்பத்திரண்டு எழுத்துக்கு ஒன்று, அக்காவின் பெயர் முழுதாக. பக்கத்தில் 'போ' என்று இருந்தது. ஒரு கணம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. இதோ, போகச் சொல்கிறது, இதை அக்காவிடம் காட்டினால் நாளைக்கே கிளம்பிவிடுவாள் என்று தாளை அச்செடுத்தும் விட்டேன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நிற்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. 'பொறு' வேண்டியபோது 'பொறு' கிடைத்தது. 'போ' வேண்டியபோது 'போ' கிடைக்கிறது. நான் அளந்தது நிலத்தை அல்ல. என் கையிலிருந்த சங்கிலியை நானே இழுத்தும் தளர்த்தியும் அளந்திருக்கிறேன். மூன்று வருஷமாக.

தாளைக் கிழித்துவிட்டு அக்காவிடம் போனேன். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் வரி, என் கட்டம், எல்லாம். கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் என்ன சொன்னாள் என்று அப்படியே எழுதுகிறேன்.

"உன் கட்டத்தை நான் நம்பினேன்னு யாருடா சொன்னது? எனக்குப் பயம். நாப்பது வருஷமா துணி வெட்டுறேன், தப்பா வெட்டினா திரும்பத் தைச்சுக்கலாம். என்னை வெட்டினா? பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது, நான் உங்க ரெண்டு பேருக்கும் பெரியவ. நீ ஒரு சாக்கைக் கொண்டாந்து கையில கொடுத்த. நான் பிடிச்சுக்கிட்டேன்."

தையல் மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் பயப்படுகிறாள் என்று நம் இருவரில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. நீ என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய், நான் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடம் யார் கேட்டது?

நேற்று டாக்டரைப் பார்த்தோம். கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. எவ்வளவு பாதிப்பு என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜூலை இரண்டாம் தேதி காலை ஒன்பது மணி.

அக்கா உன்னை வரச் சொல்கிறாள். "வந்து என் பக்கத்துல உக்காந்து எதையாவது வாசிக்கட்டும், ஆனா பின்னாலேருந்து வாசிக்கக் கூடாது" என்றாள்.

அண்ணன்


ஜூன் 26

அண்ணா,

முதல் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன். அக்காவிடம் சொல், நேராக வாசிக்கிறேன், ஒரு வரியைக்கூட விட மாட்டேன், கூட்டவும் மாட்டேன்.

விழா கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பலகையைக் கழற்றியாயிற்று. சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்தார். திருத்தச் சீட்டு அச்சடித்திருக்கிறோம். '319ஆம் பக்கத்தின் முதல் வரி, பிழையாக இரண்டாம் முறை அச்சாகியுள்ளது. அதை நீக்கி வாசிக்க வேண்டுகிறோம்.' கீழே மெய்ப்பு பார்த்தவர் என்று என் பெயர். நானே போடச் சொன்னேன். இதன் புரூஃபை நேராகத்தான் படித்தேன்.

முந்நூறு சீட்டு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கொடு. கொடுத்தால் போதாது, மேடையில் நின்று நீயே வாய்விட்டுப் படி. அக்காவைக் காப்பாற்றியாயிற்று என்று அதோடு முடித்துக்கொள்ளாதே. அங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் நீ ஏதோ ஒரு 'பொறு' எழுதிக் கொடுத்திருப்பாய்.

சின்னவள்


ஜூன் 29, ஞாயிறு

சின்னவளுக்கு,

இதைத் தபாலில் போட நேரமில்லை. பேருந்து நிறுத்தத்தில் உன் கையில் தருவேன். வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. சீட்டைக் கொடுத்தேன். மேடையில் நின்று படித்தேன். வரி இரண்டு முறை வந்தது பிழை, அதன் மேல் நான் கட்டியதெல்லாம் பிழை, சரியான நூலிலும் நான் விரும்பியதெல்லாம் கிடைக்கிறது, எனவே எதுவுமே கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முன்வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் எழுந்தார். மூன்று வருஷமாக ஒரு வாரம் தவறாமல் வருகிறவர். "ஐயா, நூல்ல ஒரு வரி ரெண்டு தடவை வருதுன்னா அது சும்மா வருமா? சொல்ல வேண்டியதைத்தானே ரெண்டு தடவை சொல்வாங்க. உங்க தங்கச்சி தப்பு பண்ணல. அவங்களைப் பண்ண வெச்சிருக்கு" என்றார். கை தட்டினார்கள், சின்னவளே. அச்சுப் பிழைங்க, அச்சுப் பிழைங்க என்று நான் மூன்று முறை கத்தினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "ஐயாவுக்கு அக்கா உடம்பு பத்தின கவலை, அதான் இப்படிப் பேசுறார்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து மருந்துக்கடைக்காரர் பேசுவாராம். உன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போகிறார்கள். அந்த முப்பத்தோர் எழுத்தை எப்படி எண்ணலாம் என்று வாசலிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. உன்னை ஏதோ தெரிந்தெடுக்கப்பட்ட கை என்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டேன். போன வருஷம் நீ எழுந்து நின்று கேட்டாயே, அன்றைக்கு உனக்கு வந்ததும் இந்தக் கோபம்தானே? அன்று நான் உன்னைப் பார்த்ததும் இவர்கள் என்னைப் பார்த்த மாதிரிதானே?

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். மாவு நிறப் புடவை, கையில் துணிப் பை. "ஐயா, அப்ப எங்க வீட்டுக்காரருக்கு நீங்க பார்த்துச் சொன்ன தேதி?" என்று கேட்டார். அவர் கணவருக்கு இதயத்தில் அடைப்பு. ஆகஸ்ட் வரை கத்தி படக் கூடாது என்று ஏப்ரலில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள், "உக்காரும்மா, அதெல்லாம் மாறாது" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம். நோட்டை எடுத்து விரித்து, பேனா மூடியைத் திறந்து, "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றேன். அந்த நோட்டில் நான் கட்டம் பார்த்துச் சொன்னவர்களின் நாற்பத்தொரு பெயர் இருக்கிறது. அதில் எத்தனை பேரை நான் பொறுக்கச் சொன்னேனோ, இன்னும் எண்ணிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அக்கா உள்ளே மருத்துவமனைப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடி வைத்தாள்.

"பேரை அப்புறம் கேளுடா" என்றாள்.

நான் நாளைக் காலை எட்டு மணிக்கு அந்தப் பெண்ணோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து அவர் கணவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோம். மீதி நாற்பது வீடு இருக்கிறது. அக்கா எழுந்து நடமாடத் தொடங்கியதும் நீயும் என்னோடு வர வேண்டும். நான் மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அண்ணன்